விறகு அடுப்புச் சாம்பல்: அள்ளுவது, ஆற வைப்பது, கொட்டுவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் குளிக்கிற வெந்நீருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கும் விறகு அடுப்புதான். கொஞ்ச நாளாகச் சொந்தக்காரர்களில் நிறைய பேர் ஊரில் தோட்டத்து வீடு கட்டி, பின்பக்கம் ஓர் அடுப்பும் போட்டுக்கொள்கிறார்கள். அடுப்புக் கட்ட ஆள் கிடைக்கிறார், விறகு போட ஆள் கிடைக்கிறார். மறுநாள் அந்தச் சாம்பலை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் போனில் என்னைத்தான் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, சாம்பலை தினமும் அள்ளணுமா, நிறைஞ்ச பிறகு அள்ளினா போதுமா?

தினமும் எரிகிற அடுப்பு என்றால் தினமும் காலையில், பற்றவைப்பதற்கு முன்னால் அள்ளுவது நல்லது. சாம்பல் மேடு தட்டினால் விறகுக்கு அடியில் காற்றுப் போக வழியிருக்காது. விறகு ஈரம் என்று நினைத்து ஊதுகுழலோடு மல்லுக்கட்டுவோம், குறை சாம்பலில் இருக்கும்.

மண் அடுப்பில் முழுக்க வழித்து எடுக்க வேண்டாம். ஒரு விரல் கனத்துக்கு அடியில் விட்டுவிடுங்கள். அது தணலைப் பிடித்து வைக்கும், தரை மெழுகலும் சீக்கிரம் வெடிக்காது. கீழே கம்பிச் சல்லடை வைத்த அடுப்பு, செம்பு பாய்லர் இவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே சல்லடைக்குக் கீழே இருப்பதை முழுக்க அள்ளிவிட வேண்டும். சாம்பல் கம்பியைத் தொடுகிற அளவுக்கு ஏறினால் கம்பிக்குக் குளிர்ந்த காற்று கிடைக்காது, சூட்டில் வளைந்து தேய்ந்துபோகும்.

ராத்திரி சமைச்ச அடுப்பு. காலையில தொட்டா சில்லுனு இருக்கு. அதுக்கு அப்புறமும் நெருப்பு இருக்குமா?

இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. சாம்பல் வெப்பத்தை வெளியே விடாது, காற்றையும் மெதுவாகத்தான் உள்ளே விடும். அதனால் நடுவில் கிடக்கிற கங்கு எரிந்து தீராமல், அணையவும் செய்யாமல் கனன்றுகொண்டே இருக்கும். தீப்பெட்டி அரிதாக இருந்த காலத்தில் ராத்திரி கங்கைச் சாம்பலில் புதைத்து வைத்து, விடியற்காலையில் கிளறி ஊதி அடுப்புப் பற்றவைத்தார்கள். அன்றைக்கு உதவியாக இருந்த அதே குணம்தான் இன்றைக்குப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளும்போது ஆபத்தாகிறது. மேல் சாம்பல் சில்லென்று இருப்பதால் உள்ளே நெருப்பு இல்லை என்று ஆகாது. மூன்று, நான்கு நாள் வரைகூடக் கங்கு உயிரோடு இருக்கலாம். புளி, கருவேலம், வேலிக்கருவை மாதிரி வன்மரக் கங்கு ரொம்ப நேரம் நிற்கும். தென்னை மட்டையும் பாளையும் சீக்கிரம் நீறாகிவிடும்.

ஓர் ஆடி மாதம், முந்தின நாள் சாம்பலை நான் சணல் சாக்கில் கட்டி மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் வைத்தேன். கையில் சூடே தெரியவில்லை. மதியம் காற்று எழும்பியபோது கருகிய வாடை வந்தது. போய்ப் பார்த்தால் சாக்கின் அடி எரிந்து ஓட்டையாகி, கங்கு வைக்கோல் துணுக்கில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது. கன்று அங்கேதான் கட்டியிருந்தது. ஒரு குடம் தண்ணீரில் அணைந்துவிட்டது. அரை மணி நேரம் தாமதித்திருந்தால் கொட்டகைக் கீற்று பிடித்திருக்கும். அன்றிலிருந்து சாக்குக்கும் பிளாஸ்டிக்குக்கும் அட்டைப்பெட்டிக்கும் எங்கள் வீட்டுச் சாம்பல் போவதில்லை.

சரி, அப்போ எதுல அள்ளி எதுல வைக்கிறது?

அள்ளுவதற்கு இரும்புக் கரண்டியோ வளைத்த தகரத் துண்டோ போதும். வைப்பதற்கு ஓட்டை இல்லாத தகர டின் அல்லது இரும்பு வாளி, பொருத்தமான இரும்பு மூடியோடு. பழைய எண்ணெய் டின் நன்றாக உதவும். மூடி ரொம்ப முக்கியம். காற்று போகாவிட்டால் கங்கு அணைந்துவிடும், சாம்பலும் பறக்காது.

டின்னைச் செங்கல் மேல் வையுங்கள். மரப்பலகை மேலோ, விறகு அடுக்கின் பக்கத்திலோ, கீற்றுக் கூரைக்கு அடியிலோ வேண்டாம். டின்னின் அடிச்சூடே போதும், காய்ந்த சருகைப் பற்றவைக்க. நான் இரண்டு டின் வைத்திருக்கிறேன். ஒன்று நிறைந்ததும் மூடி நான்கு நாள் தொடாமல் விட்டுவிட்டு, மற்றதில் அள்ளத் தொடங்குவேன். இந்த ஏற்பாட்டில் எந்தச் சாம்பல் எப்போது அள்ளியது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

அவ்வளவு நாள் எதுக்கு? தண்ணி ஊத்தினா வேலை முடிஞ்சிடுமே?

அவசரத்துக்கு ஊற்றலாம். ஆனால் அடுப்புக்குள்ளேயே ஊற்றாதீர்கள். சூடான மண் அடுப்பு விரிசல் விடும், சாம்பல் கலந்த ஆவி முகத்தில் அடிக்கும். டின்னுக்கு அள்ளி, வெளியே வைத்து, தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, குச்சியால் கிளறி மறுபடி தெளிக்க வேண்டும். மேலே மட்டும் ஊற்றினால் நடுக்கங்கு நனையாமல் தப்பிவிடும்.

இன்னொன்று, நனைந்த சாம்பல் நீர் நல்ல காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்). முன்பு துணி வெளுக்கவும் சோப்புக் காய்ச்சவும் பயன்பட்டதே இந்தத் தெளிவுதான். வெறுங்கையால் அளைந்தால் தோல் எரியும், ஈரச் சாம்பல் கிடந்தால் தகரமும் சீக்கிரம் துருவேறும். சாம்பலைச் செடிக்கோ விதைக்கோ பயன்படுத்த நினைத்தால் நனைக்கவே கூடாது, சத்து அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

ஆறிடுச்சானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கையை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள். சிமெண்டுத் தரையிலோ வெறும் மண்ணிலோ மெல்லிய படலமாகக் குச்சியால் பரப்பி, புறங்கையை ஒரு சாண் உயரத்தில் காட்டுங்கள். இருட்டு நேரம் என்றால் இன்னும் சுலபம், கங்கு இருந்தால் சிவப்பாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ‘சுர்’ என்றால் மறுபடி டின்னுக்கே.

அள்ளும்போது ஒரே இருமல். கண்ணுல பட்டா ஏதாவது ஆகுமா?

சாம்பல் ரொம்ப நைசான தூள், நுரையீரல் வரை போகும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, மெதுவாக அள்ளி டின்னின் அடிவரை கரண்டியை இறக்கிச் சாயுங்கள். உயரத்திலிருந்து கொட்டுவதால்தான் பாதித் தூசி கிளம்புகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடலாம். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். உள்ளே போகிற ஒரு கங்கு போதும், அதன் பை பற்றிக்கொள்ளும்.

கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. காரம் கண்ணீரில் கரைந்து அரிக்கும், கசக்கினால் கீறும். ஓடுகிற சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். அதற்குப் பிறகும் உறுத்தினாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

மழை பெய்யுது. தணலோட வாளியை ராத்திரி வீட்டுக்குள்ள வைச்சா குளிருக்கும் இதமா இருக்குமே?

வேண்டவே வேண்டாம். புகை இல்லாமல் கனல்கிற கங்குதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் மறுநாள் எழுந்திருக்காத செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. வாளியில் இருக்கும் கொஞ்சத் தணலும் அதே வேலையைச் செய்யும். மூடிய டின்னைத் தாழ்வாரத்தில் நனையாத இடத்தில் வையுங்கள். குழந்தைக்குச் சாம்பிராணி போடக் கங்கு எடுத்தாலும் சன்னல் திறந்திருக்கட்டும், போட்டு முடித்ததும் தூபக்காலை வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

விளக்கு வைச்ச பிறகு சாம்பலை வெளியே கொட்டக் கூடாதுனு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

லட்சுமி போய்விடுவாள் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை விட்டுத்தள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் நடைமுறையிலும் அது நல்ல பழக்கம். மாலையில் எரிந்த அடுப்பின் சாம்பலை அப்போதே கொட்டினால் அதில் கங்கு நிச்சயம் இருக்கும். ராத்திரி அது காற்றில் பறந்து எங்கே விழுந்தாலும் பார்க்க ஆளிருக்காது. உங்கள் மாமியார் சொல்படியே கேளுங்கள்.

வேண்டாத சாம்பலை எங்கே கொட்டலாம்? குப்பை வண்டியில போடலாமா?

இடம் இருக்கிறவர்கள் ஒரு முழம் ஆழத்தில் குழி வெட்டி, ஆறிய சாம்பலைக் கொட்டி மண்ணால் மூடுங்கள். கிணற்றிலிருந்தும் பெரிய மரங்களின் வேரிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். வைக்கோல் போர், சருகுக் குவியல், வேலியோரம் காய்ந்த புல் இவற்றின் பக்கமே போக வேண்டாம். சாக்கடையில் கொட்டினால் சேற்றோடு சேர்ந்து இறுகி அடைத்துக்கொள்ளும். குளத்திலும் வேண்டாம், மீன் இருக்கிற தண்ணீரில் காரம் ஏறும்.

வண்டியில் போட வேண்டிய நிலை என்றால், மேலே சொன்ன மாதிரி நான்கு நாள் ஆறி, பரப்பிப் பார்த்த சாம்பல் மட்டும்தான். அதையும் தளரக் கொட்டாமல் பையில் கட்டி, சாம்பல் என்று சொல்லிக் கொடுங்கள். வாங்கிக்கொள்கிற தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரிக்கிறார். சொல்லாமல் கொடுத்த சாம்பல் அவர் முகத்தில் பறக்கும், கங்கு இருந்தால் வண்டியே எரியும். எங்கேயாவது பற்றிவிட்டால் தயங்காமல் 101 அல்லது 112 கூப்பிடுங்கள்.

செடிக்குப் போட்டா நல்லா வளருமாமே?

இதற்கு நேராக ஆமாம் என்று சொல்ல முடியாது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) என்று சொல்கிறோமே, அந்த மூன்றாவதுக்குப் பேரே இதிலிருந்து வந்ததுதான். விறகுச் சாம்பலில் சாம்பல் சத்து உண்டு, சுண்ணாம்பு நிறைய உண்டு, மணிச்சத்து கொஞ்சம். தழைச்சத்து மட்டும் கிடையாது, எரியும்போதே புகையோடு போய்விடும். ஆகவே இலை பச்சையாகச் செழிக்கச் சாம்பல் போடுவதில் பயனில்லை.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது உங்கள் மண். சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும். நீலகிரி, கொடைக்கானல், கன்னியாகுமரிச் செம்புறை மண் போன்ற புளித்த, அதாவது அமில மண்ணுக்கு அது மருந்து. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் ஏற்கெனவே காரம் அதிகம், அங்கே போட்டால் இரும்பு, துத்தநாகச் சத்துகளைச் செடி எடுக்க முடியாமல் இளம் இலை மஞ்சளாகும். உப்புத் தண்ணீர் பாய்கிற தோட்டத்துக்கும் இதே கதைதான். மண்வள அட்டையில் கார அமில நிலை (pH) என்று ஓர் எண் இருக்கும். 6.5-க்குக் கீழே இருந்தால் தாராளமாகப் போடலாம், 7.5-க்கு மேலே என்றால் போட வேண்டாம். நடுவில் இருந்தால் எப்போதாவது ஒரு கைப்பிடி.

தாராளம் என்றாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டில் ஒட்டாமல் தள்ளித் தூவி மண்ணோடு கிளறிவிட வேண்டும். உருளைக்கிழங்குப் பாத்தியில் வேண்டாம், காரம் ஏறிய மண்ணில் கிழங்குக்குச் சொறி வரும். தேயிலைக்கும் புளித்த மண்தான் பிடிக்கும். தொட்டிச் செடிக்கு ஒரு தேக்கரண்டிகூட அதிகம் என்பேன்.

யூரியாவோட கலந்து ஒரே தடவையா தூவிடலாமா? எருக்குழியில கொட்டலாமா?

யூரியா, டிஏபி, அம்மோனியம் சல்பேட் எதோடும் கலக்காதீர்கள். சாம்பலின் காரம் பட்டதும் தழைச்சத்து அம்மோனியாவாகி மூக்கில் ஏறுகிற வாடையோடு காற்றில் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய உரம் அது. ஒன்றுக்கும் மற்றதற்கும் மூன்று, நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். பச்சைச் சாணத்தின் மேல் கனமாகக் கொட்டினாலும் இதேதான் நடக்கும். எருக்குழியில் குப்பை அடுக்குக்கு நடுவே லேசாகத் தூவினால் கெடுதல் இல்லை.

களர் நிலத்துல சாம்பல் போட்டா சரியாகும்னு ஒருத்தர் சொன்னார். போடட்டுமா?

போடாதீர்கள். களர் நிலத்தின் நோயே காரம்தான், அதன்மேல் இன்னும் காரத்தைக் கொட்டுவதாகும். களருக்கு மண் பரிசோதனை செய்து, சொல்கிற அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து ஜிப்சத்திலும் இருக்கிறது, சாம்பலிலும் இருக்கிறது என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. ஜிப்சம் காரத்தை ஏற்றாது, சாம்பல் ஏற்றும்.

தென்னைக்கு உரமே வாங்காம சாம்பல் மட்டும் வைச்சா போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்க்கிற தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 கிராம் சாம்பல் சத்து பரிந்துரை, அதாவது 2 கிலோ பொட்டாஷ் உரம். நல்ல விறகுச் சாம்பலில் அந்தச் சத்து 5 சதவீதம் என்று வைத்தால் ஒரு மரத்துக்கு 24 கிலோ சாம்பல் வேண்டும். தினம் 5 கிலோ விறகு எரிக்கிற வீட்டில் ஆண்டு முழுக்கச் சேர்வது ஏறக்குறைய 20, 30 கிலோதான். ஒரு வீட்டு அடுப்பு ஒரு மரத்துக்கு வரும். அதுவும் சாம்பல் சத்து மட்டும், மற்றவற்றுக்கு எரு வைத்தே ஆக வேண்டும். மண் காரமில்லாமல் இருந்தால், மேலே சொன்ன சதுர மீட்டர் அளவைத் தாண்டாமல் வட்டப்பாத்தியில் போடுங்கள். உரத்துக்கு ஈடாக நம்ப வேண்டாம்.

கத்தரி, அவரையில அசுவினி. சாம்பல் தூவினா போகுமா?

கொஞ்சம் குறையும். விடிகாலையில் இலையில் பனி ஈரம் இருக்கும்போது, சலித்த சாம்பலை மெல்லிய துணியில் முடிந்து, இலையின் அடிப்பக்கமும் படும்படி தட்டிவிட வேண்டும். அந்தத் தூள் அசுவினிப் பூச்சியின் மேல் ஒட்டி அதன் உடலைக் காய வைக்கும். அடுத்த மழையிலோ தெளிப்பிலோ கழுவிப் போய்விடும், மறுபடி தூவ வேண்டும். இலை முழுக்க வெள்ளைப் பூசினாற்போல் போட்டால் வெயிலில் கருகும். இதற்கு ஆகிற சாம்பல் ரொம்பக் கொஞ்சம் என்பதால், கரிசல் காட்டில்கூடப் பயமில்லாமல் செய்யலாம்.

பாத்திரம் தேய்க்கலாமா? பாட்டி காலத்துல அதுதானே?

பித்தளை, இரும்பு, எவர்சில்வர் மூன்றுக்கும் நன்றாக வரும். சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும், பித்தளைக்குப் புளியும் சேர்த்தால் பளிச்சென்று இருக்கும். அதில் கரித்துண்டும் மணலும் இல்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டியைச் சாம்பல் போட்டு ஊற வைத்தால் காரம் அதை அரித்துப் புள்ளி விழும். ஈயம் பூசிய பித்தளையின் உட்புறத்தையும் தேய்க்க வேண்டாம், பூச்சு தேய்ந்துபோகும். விரால், கெளுத்தி கழுவும்போது வழுக்காமல் பிடிக்க இன்றைக்கும் சாம்பலை மிஞ்ச எதுவும் இல்லை.

விதைக்கு, பல் விளக்க, புண்ணுக்குப் போட... இதெல்லாம்?

விதைக்கு நல்லது. தட்டைப்பயறு, மொச்சை விதையை நன்றாகக் காயவைத்து, முற்றிலும் ஆறிய நைசான சாம்பலோடு சம அளவு கலந்து, பானையில் மேலே மூன்று விரல் கனத்துக்குச் சாம்பலே போட்டு மூடினால் வண்டு நகர இடமில்லாமல் போகும்.

பல் விளக்க வேண்டாம். உமிச்சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும், காரம் ஈறைப் புண்ணாக்கும். புண்ணில், அதிலும் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில், சாம்பல் வைக்கவே கூடாது. ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) அது வழி. பெரியவர்கள் எவ்வளவு அன்போடு சொன்னாலும் இந்த ஒன்றில் மறுத்துவிடுங்கள்.

பழைய கதவு, பிளைவுட், போகிக்கு எரிச்சது எல்லாம் ஒரே சாம்பல்தானே?

இல்லை. பெயின்ட் அடித்த கதவில் ஈயம் இருக்கலாம், பிளைவுட்டில் பசை, பூச்சி மருந்து ஏற்றிய மரத்தில் செம்பும் ஆர்சனிக்கும்கூட. எரிந்தாலும் உலோகம் போகாது, சாம்பலில் சேர்ந்து நிற்கும். போகியில் டயரும் பிளாஸ்டிக்கும் விழுந்திருந்தால் அதுவும் சேர்த்தி. இந்தச் சாம்பலைச் செடிக்கோ பாத்திரத்துக்கோ கோழி புரள்கிற இடத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். தனி டின், ஆறியதும் பையில் கட்டிக் குப்பை வண்டி. அடுப்பில் இவற்றை எரிக்காமலிருப்பது இன்னும் நல்லது, புகையை மூச்சில் இழுப்பதும் நாம்தான்.

எங்க வீட்ல கேஸ் மட்டும்தான். தோட்டத்துக்குச் சாம்பல் வெளியே வாங்கலாமா?

வாங்கலாம், எதை எரித்தது என்று கேட்டுவிட்டு. விறகில் சமைக்கிற மண்டபம், டீக்கடை இங்கெல்லாம் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அரிசி ஆலையில் கிடைக்கிற கறுப்புச் சாம்பல் உமி எரிந்தது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே நிற்கிற பொருள் உமி, அந்தச் சாம்பலிலும் சாம்பல் சத்து குறைவு. மண்ணை இளக்க உதவும், விறகுச் சாம்பலுக்கு மாற்றாகாது. வறட்டிச் சாம்பலும் அப்படித்தான். நிலக்கரிச் சாம்பலைத் தோட்டத்துக்கு எடுக்காதீர்கள்.

வாங்கி வந்ததும் ஒரு காந்தத்தை அதில் ஓட்டிப் பாருங்கள். ஆணியும் கீல் துண்டும் ஒட்டினால் பழைய கட்டட மரம் எரிந்த சாம்பல், திருப்பிக் கொடுத்துவிடலாம். சுத்தமாக இருந்தாலும் அது எப்போது அள்ளியது என்று உங்களுக்குத் தெரியாது. வண்டியில் ஏற்றும்போதே மூடியுள்ள தகர டின்னில் ஏற்றி, வீட்டில் செங்கல் மேல் வைத்து, நான்கு நாள் கழித்துத் திறவுங்கள்.